பையனிடம் யாரும் கேட்கவில்லை

(ஆசிரியர்களுக்கான திரைப்பட ரசனைப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் 2022-இல் தொடங்கியபோது, தொடக்கத்திலேயே பிள்ளைகள் முன் ஓடிய படங்களில் ஒன்று சார்லி சாப்ளினின் ‘தி கிட்’. இந்தப் படத்தின் பெயரைச் சொன்னவுடன் ஆசிரியர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. 1921-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பேச்சும் கிடையாது. கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகும் பிள்ளைகள் இதை உட்கார்ந்து பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். பேச்சு இல்லை என்பதுதான் இங்கே நமக்குக் கிடைத்த வசதி. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பிள்ளையும், பாடம் நடத்தும் முன்பே விடை சொல்லும் பிள்ளையும் இந்தப் படத்தில் ஒரே இடத்தில், ஒரே நொடியில் சிரிப்பார்கள். இடையிடையே வரும் சில ஆங்கில வரிகளை மட்டும் நாம் தமிழில் சொன்னால் போதும்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதரவற்ற ஓர் ஏழைத் தாய், பிறந்த குழந்தையைப் பணக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் காரில் விட்டுச் செல்கிறாள். காரைத் திருடியவர்கள் குழந்தையைச் சேரிச் சந்து ஒன்றில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வழியே வரும் நாடோடி சார்லி குழந்தையை எடுக்கிறான். ஐந்து ஆண்டுகள் வளர்க்கிறான். அதற்குள் தாய் புகழ்பெற்ற கலைஞராகிவிடுகிறாள். பையனுக்குக் காய்ச்சல் வருகிறது, மருத்துவர் வருகிறார், அவர் சொல்லி அனாதை இல்லத்து அதிகாரிகள் வருகிறார்கள். பையனைப் பிடுங்கிச் செல்கிறார்கள். சார்லி மீட்கிறான், மறுபடி இழக்கிறான். கடைசியில் தாயின் வீட்டில் மூவரும் சேர்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

இந்தக் கதையை இன்றும் பார்க்க வைப்பது இரண்டு பேரின் நடிப்பு. ஒருவர் சாப்ளின். மற்றவன் ஜாக்கி கூகன். 1914 அக்டோபரில் பிறந்தவன். படப்பிடிப்பு தொடங்கிய 1919-இல் ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

முதலில் சாப்ளினைப் பாருங்கள். குழந்தையைக் கையில் எடுத்ததும் அவன் முகத்தில் பாசம் எதுவும் பொங்கவில்லை. யார் தலையிலாவது கட்டிவிடத்தான் பார்க்கிறான். தெருவில் போகும் பெண்ணின் தள்ளுவண்டியில் வைக்கிறான். அவள் சண்டைக்கு வருகிறாள். போலீஸ்காரர் பார்க்கிறார். சோர்ந்துபோய்ச் சாலையோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் சாக்கடை மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறான். ஒரு நொடிதான். மூடியை வைத்துவிடுகிறான். பார்க்கும் நாம் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று திடுக்கிடுகிறோம். பிறகுதான் குழந்தையின் துணிக்குள் தாய் எழுதிய சீட்டு அவன் கண்ணில் படுகிறது.

அடுத்த காட்சியில் வீடு. கயிற்றில் காபிக் கெண்டியைத் தொங்கவிட்டு, அதன் மூக்கையே பால்புட்டி ஆக்கியிருக்கிறான். நாற்காலியின் நடுவே ஓட்டை வெட்டிக் குழந்தைக்குக் கழிப்பிருக்கை செய்கிறான். பாசம் எங்கே வந்தது என்று படத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. துணி கிழித்து, பால் கொடுத்து, வேலை செய்யச் செய்ய அது வந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் பெயர் தெரியாத நாற்பது முகங்களோடு தொடங்கி, மார்ச் மாதத்தில் அவர்களைப் பிரிய மனமில்லாமல் நிற்கும் நமக்கு இது புதிதல்ல.

இனி பையன். சாப்ளின் கூகனை ஒரு மேடை நிகழ்ச்சியில் கண்டார். கூகனின் தந்தை மேடை நடனக் கலைஞர். அவரோடு தோன்றிய பையன், பார்த்ததை அப்படியே திருப்பிச் செய்வதில் வல்லவனாக இருந்தான். சாப்ளின் நடித்துக் காட்டுவார், அவன் செய்வான். ஏறத்தாழ ஓராண்டு இப்படிப் படம் பிடித்தார்கள்.

பார்த்துச் செய்வதற்கும் வெறுமனே நகலெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூகனிடம் பாருங்கள். பையன் வீட்டு ஜன்னல்களில் கல்லெறிந்து ஓடுகிறான். சிறிது நேரத்தில் முதுகில் கண்ணாடிச் சட்டங்களோடு சார்லி தற்செயலாக வருவதுபோல வருகிறான். பிழைப்பு நடக்கிறது. ஒருமுறை கல்லை எறியக் கையைப் பின்னால் ஓங்குகிறான் பையன். கை பின்னால் நிற்கும் போலீஸ்காரர்மேல் படுகிறது. திரும்பிப் பார்க்கிறான். அழவில்லை, நடுங்கவில்லை. கல்லை வைத்துச் சும்மா விளையாடிக்கொண்டிருந்ததுபோல ஒரு பாவனை. மெல்லப் பின்வாங்கி, ஒரே ஓட்டம். சார்லி மாட்டிக்கொண்டால் எப்படிச் சமாளிப்பானோ அதே சமாளிப்பு, ஆனால் ஒரு சிறுவனின் உடம்பில். வளர்த்தவனின் குணம் வளர்ந்தவனிடம் வந்திருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

வீட்டில் அடுப்படி வேலை பையனுடையது. அவன் அப்பம் சுடுகிறான். சார்லி கிழிந்த போர்வையின் ஓட்டையில் தலையை நுழைத்து அதையே அங்கியாக்கிக்கொண்டு சாப்பிட வருகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது. அந்த வீட்டில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டுத் தாமதமாக வகுப்புக்கு வரும் பிள்ளை நம் பள்ளியில் இருந்தால், அந்தக் கேள்விக்கு அவள் சொல்லும் விடை மற்றவர்களுடையதைப்போல் இருக்காது.

இப்போது, நான் இன்று முக்கியமாகப் பேச வந்த காட்சிக்கு வருகிறேன். மருத்துவர் பையனைப் பார்த்துவிட்டு, நீதான் தகப்பனா என்று சார்லியைக் கேட்கிறார். சார்லி அந்தப் பழைய சீட்டை எடுத்துக் காட்டுகிறான். குழந்தைக்கு முறையான கவனிப்பு தேவை என்று சொல்லிவிட்டு அவர் போகிறார். முறையான கவனிப்பு வண்டியில் வந்து இறங்குகிறது. வந்த அதிகாரி சார்லியோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. உதவியாளரிடம் கேட்கிறார், உதவியாளர் சார்லியிடம் கேட்கிறார். ஒரே அறைக்குள், இரண்டடி தூரத்தில்! இதுவும் சிரிக்கும் இடம்தான்.

ஆனால் கட்டிலில் பையன் உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சலில் இருப்பவன் அவன். போகப்போகிறவன் அவன். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு கைகலப்பு. பையன் சுத்தியலைத் தூக்குகிறான். தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் போடுகிறார்கள். அங்கேதான் கூகனின் நடிப்பில் எவரும் மறக்காத அந்தப் பகுதி. இரண்டு கைகளையும் நீட்டி, வானத்தைப் பார்த்தும் அதிகாரியைப் பார்த்தும் கெஞ்சுகிறான். ஒலி இல்லை, ஆனாலும் அந்த அழுகை நமக்குக் கேட்கிறது. சார்லி கூரைகளின்மேல் ஓடி, வண்டிக்குள் குதித்து, அதிகாரியைத் தள்ளிவிட்டுப் பையனைக் கட்டிக்கொள்கிறான். அந்த இடத்தில் சாப்ளினின் முகத்தில் கோமாளித்தனம் துளியும் இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவருடைய வாழ்க்கைக்குத்தான் போக வேண்டும். 1889-இல் பிறந்த சாப்ளின், லண்டனின் லாம்பெத் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். 1896-இல், ஏழு வயதில், தாயோடும் அண்ணனோடும் ஏழைகள் இல்லத்தில் சேர்ந்தார். அங்கிருந்து தாயைப் பிரித்து, பிள்ளைகளை ஹான்வெல் என்ற இடத்தில் இருந்த ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதை அவர் கொடுமை என்று மட்டும் சொல்லவில்லை. கவனிப்பு இருந்தது, ஆனால் ஏக்கமான வாழ்க்கை என்றுதான் தன் வரலாற்றில் எழுதுகிறார். தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். 1919 ஜூலையில் அவருடைய முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. அதற்குச் சில வாரங்களுக்குள் இந்தப் படத்தின் வேலை தொடங்கியது.

அழுகைக் காட்சியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பையனுக்கு அழுகை வரவில்லை. தந்தை தனியே அழைத்துப் பேசினார். வந்தபோது பையன் தேம்பித் தேம்பி அழுதான். நீ அழாவிட்டால் நிஜமாகவே இல்லத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று தந்தை மிரட்டியிருந்தார். சாப்ளின் அவனை எடுத்து அணைத்து, உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று தேற்றினார். அப்பா சும்மாதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்று அவன் காதோரம் சொன்னானாம்.

அச்சுறுத்தி வாங்கிய கண்ணீர் அது. விளைவு அருமையாக இருந்ததால் வழியும் சரிதான் என்று சொல்லிவிடலாமா? தேர்ச்சி விகிதத்துக்காக நாமும் இதே கேள்வியின் முன் நின்றிருக்கிறோம். பிரம்பைச் சட்டம் எடுத்துவிட்டது. ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்ற மிரட்டல் இன்னும் நம் கையில் இருக்கிறது.

கூகனின் கதை படத்தோடு முடியவில்லை. படம் அவனை உலகம் அறிந்த நட்சத்திரமாக்கியது. சிறுவனாக அவன் ஈட்டியது மூன்று முதல் நான்கு மில்லியன் டாலர் என்று மதிப்பிட்டார்கள். 1935-இல் தந்தை விபத்தில் இறந்தார். வயது வந்து கணக்குக் கேட்டபோது, பணத்தில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938-இல் வழக்குத் தொடுத்தார். கடைசியில் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். ஆனால் அந்த வழக்கால் 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது. இன்றும் அதைக் கூகன் சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, கலை நிகழ்ச்சியில் ஈடுபடும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நீண்ட விடுப்புக் கேட்டு வரும் பெற்றோரிடம் நாம் இதைச் சொல்லலாம்.

படத்தைத் திரையிடும்போது ஓர் எச்சரிக்கை. நம் வகுப்பில் இல்லங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கலாம். பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பிள்ளைகள் இருக்கலாம். வண்டிக் காட்சி அவர்களைத் தைக்கும். படம் முடிந்ததும் "உங்கள் வீட்டில் எப்படி?" என்று பொதுவில் கேட்க வேண்டாம். கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கட்டும். அதிகாரி கெட்டவரா? மருத்துவர் சொன்னது தவறா? கடைசிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பையன் யாரோடு இருப்பான்? இந்த மூன்று போதும். மருத்துவர் சொன்னது தவறில்லை என்று வாதாடும் பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள். சேரிக் குடிசையில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு உதவி தேவைதான். உதவி வந்த விதத்தைத்தான் படம் கேள்வி கேட்கிறது.

நம் சிறார் நீதிச் சட்டம், 2015 இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. தன்னைப் பற்றிய எந்த முடிவிலும் குழந்தை பேசவும், அதன் கருத்து கேட்கப்படவும் உரிமை உண்டு என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. சாப்ளினின் அதிகாரிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நமக்கு இருக்கிறது.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு நாம் வீடு வீடாகப் போகிறோம். வாசலில் நின்று அம்மாவிடம் கேட்கிறோம், பாட்டியிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டாரிடமும் கேட்கிறோம். ஏன் வரவில்லை, எத்தனை நாளாக வரவில்லை, எங்கே வேலைக்குப் போகிறான். விடைகளைக் கைப்பேசியில் பதிகிறோம். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை போகும்போது, பதிவு முடிந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளையை முன்னால் அழைத்து, உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேளுங்கள். அதைப் பதியப் படிவத்தில் இடம் இருக்காது. உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.