சில்லு திருத்தும் தொழில்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோவிலும் இயற்கைத் துறைமுகமுமே நேயர்களின் நினைவுக்கு வரும். அத்துறைமுகத்தை அண்டிய தெருக்களிலே துவிச்சக்கர வண்டி திருத்திப் பிழைப்போரை நினைப்பவர் சிலரே.

பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துச் சென்றது. ஆங்கில வண்டிகளின் அமைப்பு இங்கே நிலைத்தது. பழைய வண்டிகளின் முன்சில்லில் 32 கம்பிகள், பின்சில்லில் 40. பாரம் பின்னே விழுவதால் இந்த ஏற்பாடு. விடியலில் மீன்பெட்டியைக் கட்டிச் செல்லும் வியாபாரிக்கு அப்பின்சில்லே மூலதனம். கடற்காற்றின் உப்போ கம்பியை அரிக்கும். ஒன்று அறுந்தால் சில்லு நெளியும். அதை நிமிர்த்துவது சுத்தியல் வேலையன்று. சில்லைச் சுழலவிட்டு, நெளிவு வலப்புறம் தோன்றின் இடப்புறக் கம்பிகளை இறுக்கி, வலப்புறத்தனவற்றைச் சற்றே தளர்த்த வேண்டும். அவசரக்காரனுக்கு இது வாய்க்காது. விரும்பிச் செய்பவனோ கம்பியை விரலால் தட்டி, ஒலியைக் கொண்டே இறுக்கத்தை அறிவான்.

ஆனால், விருப்பம் மட்டும் உலையேற்றுமா? மோட்டார்ச் சைக்கிள்கள் பெருகவே இத்தொழில் மெலிந்தது. 2022இல் நாட்டில் எரிபொருள் அற்றுப்போயிற்று. சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்க, அவற்றின் அயலிலேயே மக்கள் மிதிவண்டியைத் தேடினர்! துருவேறிக் கிடந்தவையெல்லாம் வெளியே வந்தன. வேலை குவிந்தது. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தமையால் உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறியது. ரயருக்கே கையிருப்பைக் கொடுத்துவிட்டு நிற்பவனிடம் கூலியைக் கூட்டிக் கேட்க எவருக்கு நா எழும்?

பின்னர் எரிபொருள் வந்தது. வண்டிகள் பல மீண்டும் சுவரோரம் சாய்ந்தன. மீன் வியாபாரியின் பின்சில்லு மாத்திரம் உப்பேறி, கம்பியறுந்து, முன்போலவே திருத்த வருகின்றது.