முட்டி உள்ளே சாயக் கூடாது

விடுமுறை நாளில் தோழிகளோடு கால்பந்து ஆடும் பெண்களுக்கு இன்று ஒரு தகவல்.

முட்டிக்குள் குறுக்காக ஒரு ஜவ்வு ஓடுகிறது. அது அறுந்தால் மறுபடி மைதானத்துக்கு வர ஒரு வருஷம்கூட ஆகலாம். கால்பந்து ஆடுபவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

யாரோ வந்து இடித்துத்தான் அறுகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்புகிறோம். எம்பிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்குகிறோம். அந்த நொடியில் முட்டி உள்பக்கம் சாய்கிறது. அங்கேதான் ஆபத்து.

முட்டி, கதவுக் கீல் மாதிரி. முன்னும் பின்னும் மடங்கும். பக்கவாட்டில் திருகினால் தாங்காது.

மதில்மேலிருந்து பூனை குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சத்தமே கேட்காது. நீங்களும் அப்படி இறங்கப் பழகுங்கள். முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மெதுவாக. முட்டி உள்ளே சாயக் கூடாது.

கால்பந்துக் காயங்களைத் தடுக்க ஃபிஃபா 'லெவன் பிளஸ்' என்ற பயிற்சியை வகுத்திருக்கிறது. இருபது நிமிடம் போதும். பந்து தவிர வேறு கருவி வேண்டாம். நார்வேயில் பதின்ம வயதுப் பெண்கள் அணிகளில் செய்துபார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. காயங்கள் குறைந்திருந்தன.

ஆடும்போது முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டு, உடனே வீங்கினால், ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

இன்றைக்கே கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை குதித்து இறங்குங்கள். உங்கள் முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.