நாழியும் நிறையும்

(திருவொற்றியூர், டோல்கேட் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கடையில் அரிசி நிறையால் வருகிறது. அடுக்களையில் அது முகத்தலால் அளக்கப்படுகிறது. கிலோவாக வாங்குவதைக் குவளையாக உலையிலிடுகிறோம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள கணக்கை அறியாத வீட்டில், திங்கள் முடியுமுன் அரிசி முடிந்துவிடுகிறது.

நிறை வேறு, அளவு வேறு என்பது தமிழர்க்குப் புதிதன்று. அளவுப் பெயர், நிறைப் பெயர் என இரண்டையும் பிரித்துக் கூறி, அவற்றிற்கு முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று வரையறுத்தது தொல்காப்பியம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இவ்வாய்பாடு அன்று சிறுவர்க்கும் மனப்பாடம்.

1956ஆம் ஆண்டின் எடை அளவைச் செந்தரச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வந்தன. ஆயினும் 1967இல், அறிஞர் அண்ணாவின் ஆட்சி சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் 'உருபாவுக்கு ஒரு படி அரிசி' என்றே பெயர் பெற்றது. சட்டம் கிலோ என்றது. மக்கள் நா படி என்றது!

இனிக் கணக்கிற்கு வருவோம். 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையில் தலைதட்டி அளந்தால், அரிசி ஏறத்தாழ 165 கிராம் நிற்கும். உளுந்தும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆதலால் இட்டலிக்கு நாலுக்கு ஒன்று என்னும் பங்கினை முகந்து போட்டாலும் நிறுத்துப் போட்டாலும் பெரிதும் வேறுபாடில்லை. ஆனால் அதே குவளையில் மாவு 105 கிராம் அளவே கொள்ளும். தூளுப்போ 240 கிராம் நிற்கும். பொரி 20 கிராமையும் எட்டாது. மணியின் பருமனும், மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடமும், குலுக்கினால் அவை அமுங்கும் தன்மையுமே இதற்குக் காரணம். எனவே எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு ஆகாது. ஒவ்வொன்றையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, வெற்றுக் குவளையின் எடையைக் கழித்து, அடுக்களைச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். ஊறிய அரிசி நீரை உண்டு பருத்திருக்கும். உலர்ந்த நிலையிலேயே அளத்தல் வேண்டும்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் வாழும் பகுதி இது. பங்கீட்டுக் கடையில் 20 கிலோ அரிசி பெறும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கிலோவுக்கு ஆறு குவளை. ஆக 120 குவளை. நாளொன்றுக்கு நான்கு குவளை எனின் 30 நாள் வரும். தலைதட்டாமல் குவித்தளந்து, குவளைக்கு எட்டில் ஒரு பங்கு மிகுமாயின், 27ஆம் நாளே பானை கவிழும். மூன்று நாள் பசி அந்தக் குவியலில் இருக்கிறது!

படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. அதனால் ஏமாந்தோர் ஏழையரே. ஆகவே பொது அளவை வந்தது நன்று. அதனை எவரும் பழிக்க வேண்டா. ஆனால் அளவை மாறினால் சொல்லும் சாக வேண்டுமா? 200 மில்லிலிட்டர்க் குவளையை ஆழாக்கு என்றே வழங்கும் தாய்மார் சென்னையில் இன்றும் உளர். அவர்களே நம் அகரமுதலி! 'கப்' என்று பிள்ளை கேட்டால், 'ஆழாக்கு' என்று எடுத்துக் கொடுங்கள். கணக்கு கிலோவில் இருக்கட்டும். பெயர் தமிழில் இருக்கட்டும்.

வெல்க தமிழ்!