சரிவின் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

(பருத்தித்துறையில் நடந்த கூட்டத்தில், மலையகத்திலிருந்து வந்திருந்த தோழர்களுக்கு இவ்வூர் மண் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பிறந்த இந்தப் பருத்தித்துறையில் மலை இல்லை. கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். மழைக்கு வெள்ளம் வரும். வீட்டின்மேல் மண் விழாது. நீங்களோ மழை பிடித்தால் லயத்தில் தூங்காமல் விழித்திருப்பவர்கள். உங்கள் மலையைக் கணினியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று சொல்லவே வந்தேன்.

மண்ணின் பாரம் கீழே இழுக்கிறது. உராய்வும் ஒட்டும் தன்மையும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பிடிக்கும் பலத்தை இழுக்கும் பலத்தால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. அது 1க்குக் கீழே இறங்கினால் மண் நகரும். மழைநீர் உள்ளே சேர்ந்து அழுத்தும்போது உராய்வு குறைகிறது.

1916இல் சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் கப்பல்துறை ஒன்று சரிந்தது. அதன் பின்னரே சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் முறை வளர்ந்தது. இன்று கணினி மலையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது.

சிக்கல் எங்கே? மலைச்சரிவில் குவிந்திருப்பது களியும் மணலும் பாறாங்கல்லும் கலந்த மண். பத்தடிக்கு ஒரு குணம். சராசரி எடுத்தால் 1.3 என்று நல்ல எண் வரலாம். ஆனால் மலை சராசரியைப் பார்த்துச் சரிவதில்லை. மெலிந்த இடம் பார்த்துச் சரிகிறது. ஆகவே கட்டத்துக்குக் கட்டம் மண்ணின் பலத்தை மாற்றி, ஆயிரம் தடவை கணக்கிட்டு, எத்தனை தடவை சரிகிறது என்று எண்ணுகிறார்கள். சீரான மண்ணில் 1.3 உள்ள சரிவைவிடக் கலப்பு மண்ணில் 1.5 உள்ள சரிவு ஆபத்தானதாக இருக்கலாம். "பாதுகாப்பானது" என்று யாராவது சொன்னால், "எத்தனை இடத்தில் துளையிட்டீர்கள்? மண் நனைந்த நிலையையும் கணக்கிட்டீர்களா?" என்று கேளுங்கள்.

அந்த மெலிந்த இடத்தை முதலில் காண்பவர்கள் நீங்கள்தான். புதிதாகக் கசியும் ஊற்று, திடீரென்று கலங்கும் ஓடை, சாயும் மரம், நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு: திகதியோடு குறித்துச் சங்கத்திடமும் கிராம அலுவலரிடமும் கொடுங்கள். நேர்ச்சுவருள்ள பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் விழிப்பு. 100 என்றால் புறப்பட ஆயத்தம். 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். இவை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகள். ஆனால் வெடிப்பைக் கண்டால் அளவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

எங்கே வெளியேறுவது? அதுதான் பெரிய கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பலரது உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்குச் சொந்த நிலமோ வீடோ இருக்கவில்லை. புது வீடுகள் வந்தது அழிவுக்குப் பிறகுதான்.

தோழர்களே, கணினி ஆபத்தைச் சொல்லும், காணி தராது. "எழும்புங்கள்" என்று சொல்பவர்கள், போய் நிற்கப் பாதுகாப்பான காணியையும் உறுதியோடு தரவேண்டும். சம்பளக் கோரிக்கையின் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். காணி கிடைத்தால்தான் கணக்கு முடியும்.