பவளம் வெளிறுமுன்



பவளத்தைக் கல்லெனக் கருதுவார் பலர். அஃது உயிர். கடலடியில் எண்ணற்ற சிற்றுயிர்கள் சுண்ணம் சுரந்து கட்டியெழுப்பிய ஊரே பவளப்பாறை. அவ்வுயிர்களின் தசைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. கதிரொளியால் அது சமைக்கும் உணவிற் பெரும்பகுதி பவளத்திற்கே சேர்கிறது. பவளத்தின் நிறமும் பெரிதும் அப்பாசி தந்ததே. நீர் அளவுமீறிச் சூடேறுங்கால் இவ்வுறவு முறிகிறது. பாசியை இழந்த பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணியின் அது பிழைக்கும், நீளின் மாயும்.

ஆகவே, வெளிறுமுன் அறிதல் வேண்டும். அதற்கென அமெரிக்கக் கடல், வளிமண்டில ஆய்வமைப்பு ஒரு கணக்கு வைத்துள்ளது. ஓரிடத்தின் மிகுவெப்பத் திங்களுக்கு வழக்கமான அளவினும் 1 பாகை செல்சியசு மிகுந்து ஒரு கிழமை நின்றால், அஃது ஓர் அலகு. இவ்வாறு 12 கிழமைகளின் மிகை திரட்டப்படும். 4 அலகானால் வெளிறலை எதிர்பார்க்கலாம். 8 ஆனால் சாவையும் எதிர்பார்க்கலாம்.

இக்கணக்கிற்கு அளவு தரும் செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பையே காண்கிறது. அதையும் ஏறத்தாழ 5 கி.மீ. கட்டங்களாகவே கணக்கிடுகின்றனர். பாறையருகே நீரின் சூடு எவ்வளவு, ஒளி எவ்வளவு, கலங்கல் எவ்வளவு, காற்று ஓய்ந்துள்ளதா என்பவற்றை நீரடியிலும் மிதவையிலும் பொருத்திய உணரிகளே உரைக்கும். வெப்பத்தோடு கடுவெளிச்சமும் கூடினால் பவளத்தின் துன்பம் பெருகும். இவை அனைத்தையும் ஒருசேர எடைபோடச் செயற்கை நுண்ணறிவு துணைநிற்கிறது. சென்ற ஆண்டுகளின் அளவீடுகளையும், அன்று எப்பாறை வெளிறிற்று, எது தப்பிற்று என்னும் பதிவுகளையும் கற்று, இனி எவ்விடம் இடருறும் என அது கணிக்கிறது.

ஆயினும் கற்றதே அதன் கைம்முதல். முன்பு காணாத வெப்பம் வந்தால் கணிப்புத் தடுமாறும். 2023இல் அத்தகைய வெப்பம் வந்தது. அதுவரை உச்சமாயிருந்த 2ஆம் எச்சரிக்கைப் படிக்கு மேல் 3, 4, 5 எனப் புதுப்படிகளைச் சேர்க்க நேர்ந்தது. அளவுகோலே நீள வேண்டியதாயிற்று! அக்கோடையில் புளோரிடாவில், கடலுள் நாற்றங்கால் அமைத்து வளர்த்த பவளங்களை அள்ளிவந்து கரைத்தொட்டிகளில் இட்டுக் காத்தனர். காலத்தில் அறிந்தமையின் பயன் அது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளங்களும் 2010இலும் 2016இலும் வெளிறின. ஐதராபாத்திலுள்ள நடுவணரசின் கடல்செய்தி நடுவம் இக்கடலுக்கும் வெளிறல் எச்சரிக்கை விடுக்கிறது. அஃது அறிஞர்தம் மேசையோடு நின்றுவிடலாகாது. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கடலோடும் மீனவரின் காதில், அவர்தம் தமிழில், அது விழல் வேண்டும். நங்கூரமும் வலையும் சில கிழமைகள் பாறையில் படாதிருப்பின், நலிந்த பவளத்திற்கு அதுவே ஓய்வு. பவளத்தை அண்டியே மீன். மீனை அண்டியே மீனவர் அடுப்பு.

கடலைச் சூடேற்றும் நிலக்கரிப் புகையையும் எண்ணெய்ப் புகையையும் எந்தக் கருவியும் குறைத்துத் தாராது. கருவி நாட்குறித்துச் சொல்லும். அந்நாளுக்குள் செய்ய வேண்டியதை மாந்தரே செய்தல் வேண்டும். செய்வீர்களாக!