குருவுக்குப் பிடிக்கும் கிரகணம்

(ஒரு தோழர் வீட்டுக் கொல்லையில், தொலைநோக்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு கூடியிருந்தவர்கள் முன் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் இங்கு கூடியிருப்பது நீண்ட பிரசங்கம் கேட்பதற்காக அல்ல. இன்னும் முக்கால் மணி நேரத்தில் இந்தத் தொலைநோக்கியின் வழியாக ஒரு காரியத்தை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் சொந்தக் கண்ணாலேயே பார்க்கப் போகிறீர்கள். அது என்ன காரியம், அதைப் பார்ப்பதால் நமக்கு என்ன லாபம் என்பதைப் பற்றி மாத்திரம் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அதோ தென்னை மரத்துக்கு மேலே மினுக்காமல் நிலையாகப் பிரகாசிக்கிறதே, அதுதான் வியாழன். ஜோசியர்கள் அதைக் குரு என்கிறார்கள். அது ஒரு ராசியை விட்டு மறு ராசிக்குப் போவதற்குப் பெயர்தான் குருப் பெயர்ச்சி. அதற்குப் பயப்படாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்?

மற்றவர் வீட்டுச் சங்கதி எதற்கு? நமது வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறோம். நமது தங்கைக்கு ஒரு நல்ல வரன் வந்தது. இரு வீட்டாருக்கும் சம்மதம். பெண்ணுக்கும் சம்மதம். ஜாதகம் பார்த்தவரோ, "குரு பலன் இன்னும் வரவில்லை; அடுத்த பெயர்ச்சி வரைக்கும் பொறுங்கள்" என்றார். பொறுத்தோம். அவர் சொன்ன பரிகாரங்களையும் கடன் வாங்கிச் செய்தோம். பெயர்ச்சியும் வந்தது, ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. தங்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாமும் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம். ஏன் மூடிக்கொண்டிருந்தோம் என்றால், குருவை நாம் பார்த்ததில்லை. ஆதலால் அவரைப் பற்றி அடுத்தவர் சொன்னதே நமக்குப் பிரமாணமாயிற்று.

ஆகையால் இன்று குருவையே நேரில் பார்த்துவிடலாம்.

வியாழன் என்பது ஒரு பெரிய வாயு உருண்டை. அதன் குறுக்களவு நமது பூமியைப் போல் 11 மடங்கு. சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது. ராசிக்கு ஒரு வருஷம் என்று பஞ்சாங்கக்காரர் போடுகிற கணக்கு அதனால்தான் ஏறக்குறைய சரியாயிருக்கிறது. கணக்கில் நமக்குச் சண்டையில்லை. கணக்கிலிருந்து கல்யாணத்துக்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலுக்குத்தான் ஆதாரம் கேட்கிறோம்.

வியாழனுக்கு 90-க்கு மேற்பட்ட சந்திரர்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். நமது சிறு கருவியில் நன்றாகத் தெரிபவை நான்கு: அயோ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ. 1610-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி இத்தாலியில் பதுவா நகரத்திலிருந்து கலிலியோ இவற்றை முதலில் கண்டார். அன்று மூன்று புள்ளிகளாகத் தெரிந்தன. ஒரு வாரத்துக்குள் நான்கு என்றும், அவை வியாழனையே சுற்றுகின்றன என்றும் தெரிந்துகொண்டார். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று அதுவரை சொல்லிவந்ததற்கு அது பெரிய அடியாயிற்று. அக்காலத்திலும் அந்தக் குழாயில் கண்ணை வைக்கவே மறுத்த பண்டிதர்கள் இருந்தார்கள். நம் நாட்டில் மாத்திரந்தான் அப்படிப்பட்டவர்கள் உண்டென்று நினைக்கவேண்டாம்.

நிற்க, இன்றைய காட்சிக்கு வருவோம். அயோ வியாழனை ஒருமுறை சுற்ற 1 நாள் 18½ மணி ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனுக்கும் நமக்கும் நடுவே வந்து, வியாழனின் முகத்தைச் சுமார் 2¼ மணி நேரத்தில் கடந்து போகிறது. கடக்கும்போது அயோவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெள்ளைச் சுவரில் ஒட்டிய வெள்ளைப் பொட்டுப் போல் மறைந்துவிடும். ஆனால் அதன் நிழல் மேகங்களின் மேல் மையினால் குத்திய புள்ளி போல் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புப் புள்ளியைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

அந்தப் புள்ளி என்ன? அந்த இடத்தில் ஒருவன் இருந்து அண்ணாந்து பார்த்தால் அவனுக்குச் சூரியன் மறைந்திருக்கும். அதாவது, அது சூரிய கிரகணம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். அயோவினால் வருஷத்துக்குச் சுமார் 206 கிரகணம். யூரோப்பாவினால் சுமார் 103. கானிமீடினால் சுமார் 51. மொத்தம் 360. குருவுக்கு ஏறக்குறைய நாளொன்றுக்கு ஒரு கிரகணம் பிடிக்கிறது! இவ்வளவுக்கும் எத்தனை ராகு வேண்டும், எத்தனை கேது வேண்டும்? தம் முகத்தில் தினம் விழுகிற நிழலைத் தடுத்துக்கொள்ள முடியாத குரு, நம் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தையா தடுக்கப் போகிறார்? நிழல் விழுவதற்காக அங்கே ஒருவரும் தலை முழுகவில்லை. இங்கேயோ, கிரகணம் என்றவுடன் கர்ப்பிணிகளை இருட்டறையில் அடைத்துப் பட்டினி போடுகிறோம்.

இதனால் பிரயோஜனம் என்ன என்று சிலர் கேட்கலாம். இந்தச் சந்திரர்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறவை. ஆதலால் அவற்றை ஆகாயத்துக் கடிகாரமாக உபயோகித்தார்கள். அயோ நிழலில் மறைகிற நேரம் சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வருவதைக் கண்ட ரோமர் என்பவர், வெளிச்சம் வந்து சேரவும் நேரம் பிடிக்கிறது என்பதை 1676-ல் பாரிஸில் எடுத்துக் காட்டினார். நமது சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஏற்பட்ட வானாராய்ச்சி நிலையத்திலும் இந்தச் சந்திரர்கள் மறையும் நேரத்தைக் குறித்துத்தான் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்கள். குருவினால் நமக்குக் கிடைத்த உண்மையான பலன் இதுதான்.

இனிப் பார்க்கும் விதம். இந்தக் கருவியின் வாய் 4 அங்குலம். 3 அங்குலமானாலும் காற்று அமைதியாயிருந்தால் போதும். குழாயைத் தொடாதீர்கள், தொட்டால் வியாழன் ஓடிவிடும். பார்த்தவுடன் தெரியவில்லையென்றால் வெட்கப்படவேண்டாம். உருவம் தண்ணீருக்குள் இருப்பது போல் ஆடும், ஆட்டம் நிற்கிற ஒரு கணத்தில் புள்ளி பளிச்சென்று தெரியும். பகலில் ஒருபோதும் இதைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், கண் போய்விடும். பெண்களும் பிள்ளைகளும் முதலில் வரட்டும். பார்க்காமலே பயந்து இதுவரை அதிகக் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. நிழல் விழத் தொடங்கும் நேரத்தை இதோ இந்தப் பலகையில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். கடிகாரத்தை உங்களில் ஒருவரே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தையொட்டி நிழல் வராவிட்டால் நம்மைப் புரட்டன் என்று இங்கேயே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். வந்துவிட்டாலும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் கண்ணும் கணக்கும் சொன்னதற்காக நம்புங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து குரு பலன் சொல்லும்போது இதே பலகையை அவர் முன்னும் வையுங்கள். நாளும் நேரமும் குறித்து எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுகிறாரா என்று பாருங்கள்.

தோழர்களே, நேரமாகிவிட்டது. விளக்கை அணையுங்கள்.