பட்டமும் கைப்பழக்கமும்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



சென்ற மாதம் ஆலய வீதியில் ஓர் அன்பர் எம்மை மறித்தார். அவருடைய மகன் க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு முறை தோற்றியவர். இரண்டு முறையும் சித்தியெய்தினார். ஆயினும் பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய இசெட் புள்ளி சிறிது குறைந்துவிட்டது. இப்போது கொழும்பிலே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் அவரைப் பயிலுநராக எடுக்க ஆயத்தமாயிருக்கிறது. "மூன்றாம் முறையும் எழுதட்டுமோ, வேலைக்குப் போகட்டுமோ? பட்டம் இல்லாதவனை நாளைக்கு ஆர் மதிப்பினம்?" என்று தந்தையார் கேட்டார். வீதியில் நின்று விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. ஆகவே இன்றைய பேச்சுக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இளைஞர்கள் உடனே பில் கேட்ஸின் பெயரைச் சொல்வார்கள். அவர் 1975 ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியது உண்மை. ஆனால், 1968 ஆம் ஆண்டிலேயே, பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, அவர் கணினி முன் அமர்ந்து நிரல் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் விட்டதை நம்மவர் நினைவில் வைத்திருக்கின்றனர், தொட்டதை மறந்துவிட்டனர். லினக்ஸைத் தொடக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ 1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர். உலகமெங்கும் பெயர் பரவிய பின்னரும் படிப்பை அவர் கைவிடவில்லை. லினக்ஸையே ஆய்வுப் பொருளாக்கி முதுமாணிப் பட்டத்தைப் பெற்றார். பெரிய மனிதரை உதாரணங் காட்டுவதால் வழக்கு எந்தப் பக்கமும் தீராது. எமது கந்தோரிற் கண்ட இரண்டு காரியங்களைச் சொல்லுகிறோம்.

பட்டம் பெறாத தம்பி ஒருவர் எம்மோடு வேலை செய்தார். கெட்டிக்காரர். வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலையும் பற்றுச்சீட்டுகளையும் ஒப்புநோக்கும் ஒரு நிரலை அவர் எழுதிக் கொடுத்தார். தொடக்கத்தில் இருநூறு பெயர்கள். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. சில வருடங்களில் பெயர்கள் 50,000 ஆயின, சீட்டுகளும் 50,000 ஆயின. மாலையில் தொடக்கினால் நிரல் விடியும்வரை ஓடிற்று. புதிய கணினி வாங்கவேண்டும் என்றே எல்லோரும் எண்ணினோம். அப்பொழுது பல்கலைக்கழகத்திலிருந்து வந்து ஆறு வாரமேயான ஒரு தங்கை நிரலை வாசித்துப் பார்த்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் பெயர்ப் பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து அது புரட்டிக்கொண்டிருந்தது. 50,000 ஐ 50,000 ஆற் பெருக்கினால் 250 கோடி. "அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறவர் முதற் பக்கத்திலிருந்தா வாசிக்கிறார்?" என்று கேட்டுவிட்டு, பெயர்களுக்கு ஒரு சுட்டியை அமைத்தார். அன்றிலிருந்து அந்த வேலை சில நொடிகளில் முடிந்தது. அந்தத் தம்பிக்கு அறிவு குறைவா? இல்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

மற்றையது இதற்கு நேர்மாறு. முதல் வகுப்பிற் சித்தியெய்திய ஒரு பட்டதாரி, வாடிக்கையாளர் ஒருவரின் விலாசத்தைத் திருத்தப் புகுந்தார். எவருடைய விலாசம் என்ற நிபந்தனையை எழுத மறந்து கட்டளையைச் செலுத்திவிட்டார். ஒரே நொடியில் எமது வாடிக்கையாளர் அனைவரும் வெள்ளவத்தையில் ஒரே வீட்டிற் குடியேறிவிட்டனர்! அவர் முகத்தில் இரத்தமே இல்லை. காப்பாற்றியவர் யார்? முன் சொன்ன அதே தம்பிதான். ஒவ்வோர் இரவும் தரவுகளுக்கு ஒரு பிரதி எடுத்துவைப்பது அவர் வழக்கம். முன்னொரு காலத்தில் தாமே ஒரு முறை எல்லாவற்றையும் இழந்து அழுதபின் வந்த வழக்கம் அது. மாலைக்குள் அவரவர் தத்தம் வீடு திரும்பினர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்று இளைஞர் சிலர் எமக்கே பழமொழி சொல்லுகின்றனர். நிரலும் ஏட்டில் எழுதுவதே என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டால் அதுவே நிரலை எழுதித் தருகிறது. தந்ததில் அந்த 250 கோடி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணே இனி வேண்டியது. அந்தக் கண்ணைப் படிப்பும் தரும். அடிபட்ட அனுபவமுந் தரும்.

பெரியோர் கேட்பது வேறு: உலகம் எதை மதிக்கிறது? தொழில் உள்ளே தெரிந்தவர் கைத்திறனை மதிப்பார். வாசலில் நிற்பவர் கடதாசியைக் கேட்பார். அமெரிக்காவின் எச்-1பி விசா விதி இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறது. பட்டம் இல்லாதவருக்கு, குறைகின்ற ஒவ்வொரு பல்கலைக்கழக ஆண்டுக்கும் ஈடாகத் துறைசார்ந்த மூன்று வருட அனுபவம் காட்டவேண்டும். நான்கு வருடப் பட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம்! அந்த நாட்டிலேயே, மேரிலாந்து மாநில அரசு 2022 ஆம் ஆண்டில் தன் உத்தியோகங்கள் பலவற்றுக்குப் பட்டம் கட்டாயமில்லை என்று அறிவித்தது. ஒரு கதவு திறக்கிறது, மற்றது பூட்டியே கிடக்கிறது. கடல் கடக்க எண்ணும் பிள்ளை இதை இருபது வயதில் அறியவேண்டும். முப்பத்திரண்டில் அறிவது துயரம். அப்படி அறிந்த ஒருவரை நாம் அறிவோம். அவருக்குக் கீழ் வேலை பழகியவர்கள் விமானம் ஏறினர். அவர் வழியனுப்பப் போனார்.

ஆனால், வேலையை விட்டுத்தான் பட்டம் பெறவேண்டும் என்பதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டிலிருந்து தகவல் தொழில்நுட்பத்தில் வெளிவாரிப் பட்டம் ஒன்றை நடாத்தி வருகிறது. பகலில் வேலை செய்து இரவிற் படித்து அதை முடித்தவர் பலர். முழுவதும் முடிக்காதோர்க்கும், இடையில் டிப்ளோமாவோடு நிற்க இடமுண்டு. பரீட்சை ஆங்கிலத்தில், இதை மறைத்துச் சொல்லக்கூடாது. காணியை ஈடு வைத்துப் பெயர் தெரியாத நிலையங்களில் பட்டம் வாங்க ஓடும் பெற்றோர், முதலில் இந்த வாசலைத் தட்டிப் பார்த்தாலென்ன?

பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகள் தயங்காமற் போகட்டும். அதில் எமக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. போனவர்கள் விரிவுரைக் குறிப்போடு நின்றுவிடாமல், மொறட்டுவை மாணவர் கூகிளின் கோடைகாலத் திட்டத்திற் பெருந்தொகையாகச் சேர்ந்து திறந்தமூல நிரல் எழுதியதுபோல, படிக்கும்போதே கையை அழுக்காக்கிக்கொள்ளட்டும். கிடைக்காதவரின் ஒரு வருடத்தை ஊர் மதிப்புக்காக ரியூட்டரி வாங்கில் இருத்துவதையே நாம் மறுக்கிறோம்.

அந்தத் தந்தையாருக்கு இதையே சொன்னோம். அவர் முகம் முழுதாகத் தெளியவில்லை. "வேலையும் செய்து படிக்கவும் அவனாலே ஏலுமோ?" என்றார். முதல் வருடம் கடினம், நித்திரை குறையும் என்று உள்ளதைச் சொன்னோம். மகன் வருகிற திங்கட்கிழமை வேலையை ஏற்கிறார். வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணும் பிள்ளைகள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க வாசிகசாலைக்குப் பரீட்சைச் சான்றிதழ்களோடு வாருங்கள். நாம் அங்கே இருப்போம்.